68 வயது அப்பாவோடு கர்துங் லா போகலாமா?

கேள்வி இதுதான். ஜூன் கடைசியில் சென்னையிலிருந்து டெல்லி வழியாக லடாக்கின் லேவுக்கு விமானத்தில் போகிறீர்கள், நான்கு பேர், மொத்தம் ஏழு நாள். அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை போடுகிறவர். மகளுக்கு 7 வயது. பயண ஏற்பாட்டாளர் கொடுத்த அட்டவணையில் இரண்டாம் நாள் காலையே, லேவுக்கு வடக்கே மலைமேல் இருக்கிற கர்துங் லா போய்த் திரும்புவதாக இருக்கிறது. போகலாமா, மேலே எவ்வளவு நேரம் இருக்கலாம், ஆக்சிஜன் டப்பா வாங்கவேண்டுமா?

போகலாம். இரண்டாம் நாள் மட்டும் வேண்டவே வேண்டாம். நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள். மேலே ஏறிப் படம் எடுத்துவிட்டு அதே வழியில் லேவுக்குத் திரும்பாமல், அந்தப் பக்கம் இறங்கி நூப்ரா பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்குங்கள். அவசரமாகப் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதியெல்லாம் ஏன் என்பதுதான்.

முதலில் பெயர். லடாக்கி மொழியிலும் திபெத்திய மொழியிலும் 'லா' என்றாலே கணவாய். அதனால் 'கர்துங் லா கணவாய்' என்று எழுதினால் நம் ஊர் 'நடு சென்டர்' மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, கணவாய் என்றதும் நமக்கு மனதில் வருவது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மலைக்கு நடுவே தாழ்ந்து கிடக்கிற இடைவெளி, காற்று வரும், ரயில் போகும், ஏறியதே தெரியாமல் கேரளாவுக்குள் போய்விடலாம். கர்துங் லாவும் அதே மாதிரி ஒரு மலைத்தொடரில் தாழ்ந்த இடம்தான். ஆனால் அந்தத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 5,359 மீட்டர். தொட்டபெட்டாவை இரண்டு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இன்னும் 85 மீட்டர் பாக்கி இருக்கும்.

அங்கே நீங்கள் பார்க்கப்போகிற பலகைகளிலும், லே கடைத்தெருவில் விற்கிற டீ ஷர்ட்டுகளிலும் 18,380 அடி என்றுதான் வெகுகாலமாகப் போட்டிருந்தார்கள். உண்மையில் சுமார் 17,580 அடி. 800 அடி கூட்டிச் சொல்லி, 'உலகிலேயே வாகனம் போகும் மிக உயரமான சாலை' என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். லடாக்கிலேயே உம்லிங் லா 19,024 அடியில் இருக்கிறது, 2021-ல் அதற்குக் கின்னஸ் சான்றிதழும் கிடைத்துவிட்டது. இதைச் சொல்லி யாருடைய படத்தையும் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்காகத்தான் பாதிப்பேர் இரண்டாம் நாளே ஓடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இனி உடம்பு விஷயம். மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் சரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் 21 சதவீதம்தான், கர்துங் லாவிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,359 மீட்டரில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதிச் சரக்குதான் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேயில் காசு கொடுத்து வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள், தலையணை மாதிரி உப்பி, குத்தினால் வெடிக்கிற பதத்தில் இருக்கும். வெளியே அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருக்கிற காற்று விரிகிறது, அவ்வளவுதான். (ஷாம்பு பாட்டிலை மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அனுபவம்.) தண்ணீரும் 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது.

உடம்பு இதைச் சமாளிக்கும், ஆனால் அவகாசம் கேட்கும். மூச்சு வேகமாகும், சிறுநீர் அதிகம் போகும், இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். சில நாட்களில் உடம்பு அதற்கு ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். நீங்கள் காலையில் கடல் மட்டத்தில் கிளம்பி மதியத்துக்குள் 3,500 மீட்டரில் இறங்குகிறீர்கள். லேயே ஒரு பெரிய தாவல். அந்தக் கணக்கு முடிவதற்குள் மறுநாள் காலை இன்னும் 1,850 மீட்டர், அதுவும் 39 கிலோமீட்டரில், இரண்டு மணி நேரத்துக்குள் ஏறினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் தடவை நானே அப்படித்தான் போனேன். அப்போது 34 வயது, தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறவன் என்கிற மிதப்பு. இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு மேலே இருந்தேன். தலை லேசாகக் கனத்தது, அதைத் தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டேன். பலகைக்கு முன்னால் படம் எடுக்க வரிசை. நின்றுகொண்டிருந்தபோது ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைப் பார்த்துக் குனிந்து கட்டினேன். முடிச்சுப் போட விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, இரண்டு தடவை போட்டேன், மூன்றாவது தடவை போட்டுவிட்டு நிமிர்ந்தால் மலை, பலகை, ஆட்கள் எல்லாம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிச்சம் மட்டும் பாக்கி. நின்றிருந்த ஒரு லாரியின் டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வாந்தி. எங்கள் ஓட்டுநர் நூப்ராக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை, தோளைப் பிடித்து முன் சீட்டில் ஏற்றி, கூட வந்த மற்றவர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறோம் என்று கத்தியதைக் காதிலேயே வாங்காமல் ஹாரன் அடித்து எல்லோரையும் உள்ளே போட்டுக்கொண்டு லே பக்கம் இறங்கிவிட்டார். தெற்குப் புல்லு சோதனைச்சாவடி வருவதற்குள் தலைவலி பாதியானது. அங்கே நிறுத்தி, "ஓடுகிறவர்கள்தான் சார் முதலில் விழுகிறார்கள், மெதுவாக நடக்கிற பெரியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை" என்றார் இந்தியில். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

அவர் சொன்னதில் உங்கள் அப்பாவுக்கான பதிலும் இருக்கிறது. உயரத்தால் வரும் நோய் வயதைப் பார்த்து வருவதில்லை. உடற்பயிற்சி செய்கிற உடம்பு என்பதற்காக விட்டுவிடுவதும் இல்லை. எவ்வளவு வேகமாக ஏறினீர்கள், ஏறியதும் எவ்வளவு அலைந்தீர்கள், இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பெரியவர்கள் தாமாகவே மெதுவாக இருப்பதால் தப்பித்துவிடுகிறார்கள். ஆனால் பிரஷர் என்று சொல்கிறீர்கள், ஆகவே கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு தடவை, உயரத்தையும் சொல்லி, என்னென்ன மாத்திரை போடுகிறார் என்ற சீட்டோடு போய்க் கேளுங்கள். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் என் பதிலை ஒதுக்கிவிட்டு அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும், அதையும் அவரிடமே கேளுங்கள். பொதுவாக ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து காலை, இரவு 125 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும், ஏற்கெனவே சிறுநீர் அதிகம் போகச் செய்யும் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. அதைப் போட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், சோடா, கோலா எதுவும் வாயில் வைக்க விளங்காது. பயப்படவேண்டாம், மாத்திரையின் குணம் அது.

குழந்தை விஷயத்தில் ஒரே சிக்கல், தலை வலிக்கிறது என்று பெரியவர்கள் மாதிரி சரியாகச் சொல்லத் தெரியாது. பிடித்த பண்டத்தையே வேண்டாம் என்றால், காரணமில்லாமல் சிணுங்கினால், விளையாடாமல் மடியில் சுருண்டுகொண்டால், அதைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் உயரம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது முதல் இரண்டு நாள் சகஜம். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஈரமான இருமல் வந்தால், அது வேறு சமாச்சாரம். யோசிக்காமல் கீழே இறங்கவேண்டும், ராத்திரியானாலும். லேயில் இருக்கும்போதே அப்படி ஆனால் நேராக மாவட்ட மருத்துவமனைக்கு. இந்த வியாதியை அங்கே இருக்கிற மருத்துவர்களைவிட அதிகம் கண்டவர்கள் நம் ஊரில் கிடையாது.

ஆக்சிஜன் டப்பா: ஸ்ப்ரே டப்பா அளவுக்கு விற்கிறார்களே, அது சில நிமிடங்களுக்குத்தான் வரும். மனதுக்குத் தெம்பு என்றால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இறங்குவதற்குப் பதிலாக அதை நம்பாதீர்கள். அந்தக் காசுக்கு, முன்பதிவு செய்யும்போதே வண்டியில் உண்மையான சிலிண்டரும் முகக்கவசமும் வைத்திருக்கும் ஓட்டுநரைக் கேட்டு வாங்குங்கள். விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் லேயில் 88 காட்டினால் சென்னையில் 88 காட்டியதுபோல அலறவேண்டாம். அங்கே எல்லோருக்கும் குறையும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

சரி, அட்டவணை. முதல் நாள் லேயில் இறங்கியதும் அறைக்குப் போய்ப் படுங்கள். சாந்தி ஸ்தூபி பக்கத்தில்தானே, மாலையில் படியேறிப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓர் அரைநாள் சோம்பேறியாக இருப்பதற்கு இவ்வளவு நல்ல காரணம் வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்காது. மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம், தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி. இரண்டாம் நாள் திக்சே மடாலயம் வரை, அதுவும் படிகளில் நின்று நின்று. மூன்றாம் நாள் மேற்கே, சிந்துவும் சான்ஸ்காரும் கலக்கிற இடம், முடிந்தால் ஆல்ச்சி. ஆல்ச்சி லேயைவிடத் தாழ்வு, உடம்புக்கும் ஒரு ஓய்வு. நான்காம் நாள் காலை எட்டுக்குள் கிளம்பி கர்துங் லாவைக் கடந்து நூப்ராவில் ஹுண்டர் அல்லது திஸ்கிட். ஆறாம் நாள் திரும்ப லே, ஏழாம் நாள் காலை விமானம். ஆறாம் நாளில் வேறு எதையும் திணிக்காதீர்கள், ஜூனிலும் மேலே பனி கொட்டி வழி அரை நாள் அடைபடுவது உண்டு.

நூப்ராவில் தங்கச் சொல்வது அழகுக்காக மட்டுமல்ல. திஸ்கிட் சுமார் 3,100 மீட்டர்தான், லேயைவிட 400 மீட்டர் தாழ்வு. மலையேறுகிறவர்கள் சொல்கிற பழைய சூத்திரம், உயரம் ஏறு, தாழ்வில் தூங்கு. கர்துங் லாவில் யாரும் தூங்கப்போவதில்லை, பதினைந்து, இருபது நிமிடம் நின்று கடந்துவிடுகிறோம், அதனால் மூன்று நாள் பழகிய உடம்புக்கு அது தாங்கும். மாறாக, பாங்காங் ஏரிக்கரையில் கூடாரத்தில் ஒரு இரவு என்று அட்டவணையில் ஆசைகாட்டுவார்கள் பாருங்கள், அது 4,200 மீட்டருக்கு மேல். படுத்துத் தூங்குகிற உயரம் அது. உங்கள் அப்பாவையும் குழந்தையையும் வைத்துப் பார்த்தால் கர்துங் லாவைவிட எனக்கு அதுதான் பயம். இந்தத் தடவை ஏரியை விட்டுவிடுங்கள் என்பேன். வீட்டில் சண்டை வரும், தெரியும்.

இப்போது வழி. லேயிலிருந்து கிளம்பியதும் ஊர் காலுக்குக் கீழே பச்சைத் துண்டாகச் சுருங்கும், அதற்கு அப்பால் சிந்து, அதற்கும் அப்பால் ஸ்தோக் மலைத்தொடரின் பனி. 24 கிலோமீட்டரில் தெற்குப் புல்லு, அங்கே அனுமதிச் சீட்டைப் பார்ப்பார்கள். இந்தியர்களுக்கான நடைமுறையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் லேயில் இறங்கிய அன்றே விடுதியில் அடையாள அட்டை நகல்களைக் கொடுத்துச் சீட்டையும் சுற்றுச்சூழல் கட்டணத்தையும் முடித்துவிடுங்கள். கூட வருகிறவர்களில் யாராவது சிங்கப்பூர், இலங்கை, கனடா கடவுச்சீட்டுக்காரர் என்றால் அவருக்குத் தனி அனுமதி, பதிவுபெற்ற முகவர் மூலமாகத்தான். தெற்குப் புல்லுவில் கழிவறைக்குப் போய்விடுங்கள், மேலே இருப்பதை நான் வர்ணிக்கப்போவதில்லை.

அங்கிருந்து மேலே பனி உருகிய தண்ணீர் சாலையிலேயே ஓடும். காலையில் போகச் சொல்வது அதற்காகத்தான். வெயில் ஏற ஏற ஓடை பெருகும், மதியத்துக்கு மேல் காற்றும் கிளம்பும். இந்தச் சாலையை 1976-ல் போட்டார்கள், பொதுமக்கள் வண்டிகளுக்கு 1988-ல்தான் திறந்துவிட்டார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பு பராமரிக்கிறது, சியாச்சினுக்குப் போகிற ராணுவச் சரக்கு இதில் ஏறுகிறது. அதனால் ராணுவ லாரி வரிசை வந்தால் ஒதுங்கி வழிவிடவேண்டும், எவ்வளவு நேரமானாலும். ஓரத்தில் பனியைச் சுரண்டிக்கொண்டும் கல் உடைத்துக்கொண்டும் நிற்கிறவர்களைப் பார்ப்பீர்கள், பலர் ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள், அவர்களும் நம்மைப் போலத் தாழ்நிலத்து ஆட்கள்தான். நாம் இருபது நிமிடம் நிற்கத் தயங்குகிற உயரத்தில் அவர்களுக்கு நாள் முழுக்க வேலை.

மேலே போனதும் ஏமாற்றமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு குறுகிய வெட்டு, இரண்டு பக்கமும் கார், பைக், டெம்போ டிராவலர், டீசல் புகை, ஒரு டீக்கடை, ஒரு மஞ்சள் பலகை, பலகையைச் சுற்றி கூட்டம். யார் முதலில் வந்தது என்று சண்டைகூட நடக்கும். காட்சி என்று பார்த்தால் ஏறுகிற வழியிலும் இறங்குகிற வழியிலும்தான் இருக்கிறது. பலகையில் எண்ணே மாறிக்கொண்டிருக்கும்போது வரிசையில் கால்மணி நேரம் நிற்பதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் குழந்தை ஆசைப்பட்டால் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடாமல், குதிக்காமல்.

பலகைக்குப் பதிலாகக் கொடிகளைப் பாருங்கள். சரம் சரமாகக் கட்டியிருக்கும், நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், எப்போதும் இந்த வரிசைதான். வானம், காற்று, நெருப்பு, நீர், மண். நம் பஞ்சபூதங்களேதான். கணவாயைத் தாண்டும்போது ஊர்க்காரர்கள் "கி கி சோ சோ, லார்கியாலோ" என்று கத்துவார்கள், தெய்வங்களுக்கு வெற்றி என்று அர்த்தம். லேயிலிருந்து மத்திய ஆசியாவின் யார்க்கந்து, காஷ்கர் என்று குதிரையும் ஒட்டகமும் ஓட்டிப்போன வணிகர்கள் கடந்த வழி இது. அந்த ஆட்களுக்கு இது வந்து சேர்கிற இடமாக இருந்ததே இல்லை. ஏறினார்கள், கத்தினார்கள், இறங்கிப்போனார்கள். ஹுண்டர் மணல்மேட்டில் சவாரிக்கு நிற்கிற இரட்டைத் திமில் ஒட்டகங்கள் அந்த வணிகம் நின்றுபோனபோது தங்கிவிட்டவற்றின் வாரிசுகள்.

வடக்குப் பக்கம் இறங்கும்போது பனி அதிகம், அங்கே வெயில் சரியாக விழாது. வடக்குப் புல்லு வரை ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அப்புறம் கர்துங் கிராமம், கணவாய்க்குப் பெயர் கொடுத்த ஊர், அங்கே சூடாக ஏதாவது சாப்பிடலாம். அதற்குக் கீழே ஒரு வளைவில் ஷியோக் ஆறு திடீரென்று அகலமாக, சாம்பல் நிற மணலில் பல கிளைகளாகப் பிரிந்து தெரியும். படம் எடுக்க நிறுத்தச் சொல்லவேண்டிய இடம் அதுதான். திஸ்கிட் மடாலயத்துக்கு எதிரே 32 மீட்டர் மைத்ரேய புத்தர், 2010-ல் தலாய் லாமா திறந்துவைத்தது. வண்டி அருகிலேயே போகும், அப்பா நடக்கவேண்டியதில்லை.

சில்லறை விஷயங்கள்: தமிழ்நாட்டு பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை லேயிலேயே எடுத்துவிடுங்கள். குளிர்க்கண்ணாடி நால்வருக்கும் கட்டாயம், பனியில் பட்டு வருகிற வெயில் கண்ணைப் பழுதாக்கிவிடும். லேயில் டீ ஷர்ட்டில் திரிகிற அதே காலையில் மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும், அதனால் ஒரே ஒரு கனத்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது.

பயண ஏற்பாட்டாளர் இரண்டாம் நாளை மாற்றமாட்டேன், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று சொன்னால், வண்டியை மட்டும் ரத்து செய்துவிட்டு லேயில் இறங்கியபின் உள்ளூர் டாக்ஸி பிடியுங்கள். கட்டணம் எல்லா இடத்துக்கும் அச்சடித்து வைத்திருப்பார்கள், பேரம் பேசவேண்டிய தொல்லைகூட இல்லை.